பன்னிரண்டு விளக்கும் ஏற்றிவிட்டு வா

அந்தக் கடையில், வாங்க வருகிறவர்கள் 'வேண்டாம்' என்று சொல்லி நான் கேட்டதில்லை. கடைக்கார அக்காதான் சொல்வார்.

ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனிலிருந்து சேலையூர் பக்கம் திரும்பியதும் இடது கையில், ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது அவர் கடை. வீடியோ கேம் டிஸ்க் பழையதைக் கொடுத்து வேறொன்று மாற்றிக்கொள்ளலாம். கன்ட்ரோலரில் பட்டன் அமுங்காவிட்டால் திறந்து சரிசெய்து தருவார். கேமை வாங்கின பிறகு அதோடு சேர்த்து விளையாட, கம்பெனிக்காரர்கள் தனியாகக் காசு வாங்கிக்கொண்டு கொடுக்கும் கூடுதல் பாகங்கள் இருக்கின்றனவே, பிள்ளைகள் டி.எல்.சி. என்கிறார்களே, அவற்றை இறக்கிக்கொள்வதற்கான கார்டுகளும் விற்றார். விற்றார் என்பதைவிட, ஒரு இழுப்பறையில் போட்டுப் பூட்டி வைத்திருந்தார் என்பதுதான் சரி.

நாற்பத்தைந்து வயதிருக்கும். சுடிதார், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட கண்ணாடி, கொண்டையில் செருகிய சின்ன ஸ்க்ரூடிரைவர். பேசும்போது அதை உருவிச் சுழற்றிக்கொண்டே பேசுவார், பேச்சு முடிந்ததும் மறுபடி கொண்டைக்குள் போய்விடும். பெயர் எனக்குத் தெரியாது. போனில் பணம் அனுப்பினால் திரையில் கடையின் பெயர்தான் வரும். என் மகள் யாழினி 'கேம் அக்கா' என்பாள். நானும் அப்படியே சொன்னேன். கேட்டிருக்கலாம். இரண்டு வருடம் போய் வந்திருக்கிறேன்.

ஒருமுறை எனக்கு முன்னால் ஒரு கல்லூரிப் பையன் நின்றிருந்தான்.

"அக்கா, அந்தப் போர்வீரன் டிரஸ் பேக் இருக்கா?"

"கீது. எதுக்கு?"

"சும்மா. லுக்கா இருக்கும்."

"கேம்ல உன் ஆளோட முதுகுதானே உனக்குத் தெரியுது? முதுகுக்கு ஒரு சட்டையா? அந்தக் காசுல உனக்கு ஒண்ணு எடுத்துப் போடு. பஸ் ஸ்டாப்புல நாலு பேராவது பார்ப்பாங்க."

அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். எனக்குத்தான் பகீரென்றது. வந்த வியாபாரத்தை இப்படியா துரத்துவார்கள்?

இன்னொரு நாள், ஆபீஸ் அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றாமலே வந்த ஒருவர், இனிமேல் வரப்போகிற நான்கு பாகங்களுக்கும் சேர்த்து முன்கூட்டியே பணம் கட்டும் கார்டு கேட்டார். இப்போதே வாங்கினால் மலிவாம்.

"வந்துடுச்சா சார் அந்த நாலும்?"

"இல்லைங்க, அடுத்த வருஷம் வரும்."

"அடுப்பே பத்த வைக்கல. அதுக்குள்ள சாப்பாட்டு டோக்கனை வாங்கி வச்சுகினு இன்னா சார் பண்ணப் போறீங்க?"

அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

டி.எல்.சி. என்றாலே பிடிக்காத ஆளும் இல்லை அவர். ஒரு மதியம் போனபோது ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அட்டையில் மார்க்கரால் எழுதித் தொங்கவிட்டிருந்தார்: 'கதை முடியல. நாலு மணிக்கு வரவும்.' உள்ளே அவர் ஆடிக்கொண்டிருந்த கேமிலிருந்து குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டது. நாலரைக்கு ஷட்டரைத் தூக்கியவரின் கண் சிவந்திருந்தது. அழுதிருந்தார் என்று நினைக்கிறேன். நான் கேட்காமலே சொன்னார்.

"கதை முடிஞ்சுடும்மா, ஆனா அந்த ஊரை வுட்டு வர மனசு வராம நிப்போம் பாருங்க. அப்ப வந்து, இங்க இன்னொரு தெரு கீது வான்னு கூப்புடுறான். அதுக்குக் குடுக்கலாம். சந்தோஷமா குடுக்கலாம். முன்னாடியே கட்டுன தெருவை மறைச்சு வச்சு, சாவிக்குத் தனிக் காசுன்றான் பாருங்க, அவனுக்கு ஏன் குடுக்கணும்?"

"எது எதுன்னு நமக்கு எப்படிக்கா தெரியும்?"

"முதல்ல உள்ள இருக்கறத முடிச்சா தெரியும். முடிக்காதவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

அவர் கடையின் சட்டமே அதுதான். டி.எல்.சி. கேட்கிற பிள்ளை அசல் கேமை முழுதாக முடித்திருக்க வேண்டும். முடித்ததற்கு அத்தாட்சியாக டி.வி. திரையைப் போட்டோ எடுத்து வர வேண்டும். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போட்டோவை இரண்டு விரலால் பெரிதாக்கி ஒவ்வொரு மூலையாகப் பார்ப்பார். "இந்தக் குகைக்குள்ள போகலையா நீ?" என்று திருப்பி அனுப்பியதும் உண்டு. எல்லாம் சரியென்றால் இழுப்பறையைத் திறப்பார், கார்டை எடுப்பார், பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, அந்தப் பொடிசுகளுக்கு இரண்டு கையாலும் கொடுப்பார்.

"முடிச்சவங்களுக்கு உக்காந்துகினு குடுக்கக் கூடாது."

அந்தக் கார்டை வாங்கிக்கொண்டு வெளியே வரும் பிள்ளைகளின் நடையே வேறாக இருக்கும். யாழினி அதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். அவளுக்காக ஒருநாள் அக்கா எழுந்து நிற்க வேண்டும் என்பது அவள் ஆசை. இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை. வீடு வந்து சேர ஏழு மணியாகும். கணவருக்கு சிறுசேரியில் வேலை, பெரும்பாலும் இரவு ஷிஃப்ட். மதியம் மூன்றரைக்கே கிளம்பிவிடுவார். யாழினியின் பள்ளி வேன் நான்கு மணிக்கு வரும். நான்கிலிருந்து ஏழு வரை, பத்து வயதுப் பெண் உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தனியாக இருப்பாள். எதிர் வீட்டில் ஒரு சாவி கொடுத்திருந்தேன். மூன்று முறை போன் செய்வேன். இருந்தாலும் அது மூன்று மணி நேரம்.

அந்த மூன்று மணி நேரத்துக்காகத்தான் கேம் கன்சோலே வந்தது. பள்ளி மீட்டிங்குக்குப் போக முடியாத மாதம் ஒரு டிஸ்க். காய்ச்சலோடு அவளை எதிர் வீட்டில் விட்டுவிட்டு ஆபீஸ் போன வாரம் ஒரு டிஸ்க். அவள் எதையும் கேட்டதில்லை. நானாகத்தான் வாங்கினேன். வாங்கிய நாளில் மட்டும் எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

அதில் ஒன்று அந்தப் படகு விளையாட்டு. இருண்டுபோன கடலில் படகோட்டிக்கொண்டு போகும் ஒரு பெண், பன்னிரண்டு கலங்கரை விளக்கங்களை ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். யாழினி மளமளவென்று ஒன்பதை ஏற்றிவிட்டாள். அப்புறம் நின்றுவிட்டாள். நான் ஏழு மணிக்கு வந்து பார்க்கும்போதெல்லாம் படகு சும்மா கடலைச் சுற்றிக்கொண்டிருக்கும். சலித்துவிட்டது போல என்று நினைத்தேன். அந்த விளையாட்டுக்கு 'வடக்குத் தீவு' என்று ஒரு டி.எல்.சி. வந்திருப்பதாகவும், அதில் ஒரு நாய்க்குட்டி படகில் ஏறிக்கொள்ளும் என்றும் அவள் வகுப்புப் பிள்ளைகள் பேசிக்கொண்டார்களாம். அந்த வாரம் நான் மூன்று நாள் எட்டரைக்குத்தான் வீட்டுக்கு வந்திருந்தேன். சனிக்கிழமை அவளை ஸ்கூட்டியில் உட்காரவைத்து நேரே கடைக்குப் போனேன்.

"வடக்குத் தீவு கார்டு வேணும்கா."

அக்கா என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்தார். "ஏத்திட்டியா கண்ணு?"

"ஒன்பது."

"பத்தாவது?"

யாழினி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

"அம்மா எத்தனை மணிக்கு வருவாங்க?"

"ஏழு."

"அப்பா?"

"நைட் ஷிஃப்ட்."

"அதுவரைக்கும் வூட்ல யாரு கூட இருக்க?"

"யாரும் இல்லக்கா. நான் மட்டும்தான்."

எனக்குப் பின்னால் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் எங்கள் குடியிருப்பு, பி பிளாக். என் காதெல்லாம் சூடாகிவிட்டது.

"அக்கா, கார்டு இருக்கா இல்லையா?"

"கீதும்மா." ஸ்க்ரூடிரைவர் கையில் சுழன்றது. "இத பாப்பாவுக்கு வாங்குறீங்களா, உங்களுக்கு வாங்குறீங்களா?"

"நான் எங்க கேம் ஆடறேன்?"

"அதான் கேக்கறேன்."

பி பிளாக்காரர் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. சிரிக்காமலும் இருந்திருக்கலாம்.

"இப்ப வேணாம்மா. பன்னெண்டு விளக்கும் ஏத்திட்டு வரட்டும். நான் எழுந்து நின்னு குடுக்கறேன்."

வீடு வரும் வரை யாழினியோடு பேசவில்லை. வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கன்சோலுக்குள்ளேயே இருக்கும் ஆன்லைன் கடையில் என் பேங்க் கார்டு நம்பரைப் போட்டு வடக்குத் தீவை வாங்கினேன். தீவு மட்டும் இல்லை, படகுக்குப் பூசும் பதினைந்து வண்ணங்கள் சேர்ந்த பெரிய பேக்காகவே வாங்கினேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. "பார், வந்துடுச்சு" என்றேன். "அக்கா முடிச்சப்புறம்னு சொன்னாங்களேம்மா" என்றாள். அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அந்த எரிச்சலோடுதான் காலனி வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்தேன்.

'ஜங்ஷன் பக்கத்துல இருக்கற வீடியோ கேம் கடையில, அப்பா அம்மா எத்தனை மணிக்கு வருவாங்க, வீட்ல தனியா இருக்கியான்னு குழந்தைங்ககிட்ட விசாரிக்கறாங்க. பேரண்ட்ஸ் ப்ளீஸ் நோட்.' கடைசியில் கைகூப்பும் படம் ஒன்று.

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இதை எத்தனை முறை எனக்கே சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை.

'எந்தக் கடை?' என்று ஒருவர் கேட்டார். ஒரு நிமிடத்துக்குள் பதில் போட்டேன். ஜங்ஷனிலிருந்து சேலையூர் பக்கம் திரும்பியதும் இடது கை, மாடிப்படிக்குக் கீழே. 'தேங்க்ஸ் ஃபார் ஷேரிங் சிஸ்டர்', 'நல்ல அம்மா', 'எல்லாரும் இப்படி அலர்ட்டா இருக்கணும்' என்று வந்துகொண்டே இருந்தது. நல்ல அம்மா. அந்த மாதத்தில் வேறு யாரும் என்னை அப்படிச் சொல்லவில்லை. அதை மட்டும் இரண்டாம் முறை படித்தேன்.

ஐந்தாம் நாள் அது எனக்கே திரும்பி வந்தது. சேலையூரிலிருந்து வரும் ஆபீஸ் தோழி அனுப்பியிருந்தாள். 'உனக்கும் பெண் குழந்தை இருக்கே, ஜாக்கிரதை.' மேலே சிவப்பில் 'எச்சரிக்கை'. தனியாக இருக்கும் குழந்தைகளைக் குறிவைக்கும் கும்பல், கேம் கார்டைக் காட்டி மயக்குகிறார்கள், இரண்டு குழந்தைகளைக் காணவில்லை என்றெல்லாம் யாரோ சேர்த்திருந்தார்கள். நடுவில் என் வாக்கியம் மட்டும் அலுங்காமல் இருந்தது. ப்ளீஸ் நோட், கைகூப்பு எல்லாம் அப்படியே.

அழித்துவிடலாம் என்று பார்த்தேன். எல்லோருடைய போனிலிருந்தும் அழிக்கிற நேரம் தாண்டியிருந்தது. அவர் அப்படிப்பட்டவர் இல்லை, நான் கோபத்தில் எழுதிவிட்டேன் என்று குரூப்பில் போட மூன்று முறை தட்டினேன். மூன்று முறையும் அழித்தேன். திருத்தி எழுதினால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும்? அந்தக் கடைக்காரம்மா என்ன தப்பாகக் கேட்டுவிட்டார், உங்கள் பெண் தனியாகத்தான் இருக்கிறாளா, தினமுமா, மூன்று மணி நேரமா? அந்தக் கேள்விக்குப் பயந்தேன். ஒரு கடை எக்கேடு கெட்டாலும் என் மூன்று மணி நேரம் வெளியே தெரியக் கூடாது என்று அப்போது இப்படிச் சொற்களாக நினைக்கவில்லைதான். செய்தது அதைத்தான்.

இரண்டு வாரம் கழித்துத் தனியாகப் போனேன். கன்ட்ரோலர் ரிப்பேர் என்று ஒரு சாக்கு. கடையில் ஒரு பிள்ளைகூட இல்லை. அக்கா டிஸ்குகளை அட்டைப்பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மா. இன்னா ரிப்பேரு?"

"பட்டன் ஒட்டிக்குது. என்னக்கா, கடையைக் காலி பண்றீங்களா?"

"மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணணும்னு ஓனர் சொல்லிட்டாரு. யாரோ போன்ல இன்னாவோ எழுதியிருக்காங்களாம். அசோசியேஷன்லேருந்து நாலு பேர் வந்து வீடியோ எடுத்துகினு போனாங்க. பசங்க அந்தாண்ட ரோட்டுலயே நடக்குதுங்க. நேத்து ஒரு பொண்ணு என்னைப் பார்த்து ஓடுதும்மா." கன்ட்ரோலரைத் திறந்தார். விரல்கள் எப்போதும் போல நிதானமாக இருந்தன. "உங்க குரூப்லயும் வந்துதா?"

"வந்துது போல. நான் பாக்கலக்கா."

"பாக்காதீங்க. பேஜார்." ஸ்க்ரூவை ஊதி உள்ளே போட்டார். "பாப்பா பத்தாவது விளக்கு ஏத்திடுச்சா?"

"இல்லக்கா. அது அதிலேயேதான் சுத்திக்கிட்டு இருக்கு."

"சுத்தத்தான் செய்யும். அதுக்கு ரெண்டு பேர் வேணும்மா. ஒருத்தர் சுக்கானைப் புடிச்சுக்கணும், ஒருத்தர் எறங்கிப் போய் விளக்கை ஏத்தணும். அப்படித்தான் பண்ணி வச்சிருக்கான். அதுவரைக்கும் தனியா வந்தவளுக்கு ஒரு துணை கிடைக்கற எடம் அது." தலை நிமிராமலே சொன்னார். "நீங்க கார்டு கேட்டதுக்கு முந்தின தடவை வந்தப்பவே பாப்பாகிட்ட சொன்னேன், அம்மாவைக் கூப்புட்டுக்கோன்னு. அம்மாவுக்கு டைம் இருக்காதுக்கான்னு சொல்லிச்சு. அதான் எத்தனை மணிக்கு வருவீங்கன்னு கேட்டேன்."

அப்போது சொல்லியிருக்கலாம். நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் இருந்தோம். 'நான்தான் எழுதினேன் அக்கா.' மூன்று சொல். நான் சொன்னது, "எவ்வளவுக்கா?"

"ஒண்ணுமில்ல போங்க. தூசிதான்."

பட்டன் ஒட்டவே இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கும். மற்றது தெரிந்திருந்ததா? அவர் குரலில் எதுவும் இல்லை. அதைத்தான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன்.

அன்று வீட்டுக்குப் போய் யாழினியைக் கேட்டேன். "ரெண்டு பேர் வேணும்னு ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"நீ டயர்டா வருவல்லம்மா."

இரண்டாவது கன்ட்ரோலர் கன்சோல் வாங்கிய பெட்டியிலேயே, பிளாஸ்டிக் உறை கிழிக்காமல் கிடந்தது. உறையை அவளே பல்லால் கிழித்தாள். நான் சுக்கான். முதல் நாளே ஆறு முறை படகைப் பாறையில் மோதினேன்.

"அம்மா, இடது! இடது! ஐயோ, ரெண்டு பட்டனையும் ஏம்மா அமுக்கற?"

"பயமா இருக்குடி."

"கேம்மா இது!"

நான்காம் நாள் பத்தாவது விளக்கு எரிந்தது. கடல் முழுக்க மஞ்சள் வெளிச்சம் பரவியபோது அவள் சோபாவில் ஏறிக் குதித்தாள். பன்னிரண்டும் ஏற்றி முடிக்க இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரமும் ஆபீஸில் அரைமணி நேரம் முன்னதாகக் கிளம்ப அனுமதி கேட்டேன். கொடுத்தார்கள். கேட்டாலே கொடுப்பார்கள் என்பது இத்தனை வருடம் எனக்குத் தெரியாமல் போயிருந்தது.

யாழினி திரையைப் போட்டோ எடுத்தாள். வரைபடத்தின் நாலு மூலையும் தெரிகிறதா என்று பார்த்துப் பார்த்து எடுத்தாள். "அக்கா எழுந்து நிப்பாங்க இல்ல?" என்றாள். கடை காலியாகும் என்று அவளிடம் நான் சொல்லியிருக்கவில்லை. மாதக் கடைசிக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. இருப்பார் என்று நம்பிக்கொண்டு அவளைக் கூட்டிப்போனேன்.

மாடிப்படிக்குக் கீழே ஷட்டர் இறங்கியிருந்தது. பணம் அனுப்பும் ஸ்டிக்கர் பாதி கிழிந்து சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து டீக்கடைக்காரர், குன்றத்தூர் பக்கம் போனதாகச் சொன்னார், போன் நம்பர் அவரிடமும் இல்லை.

"அக்கா ஏம்மா போனாங்க?"

"தெரியலடா."

அது இரண்டாவது பொய். குரூப்பைப் பார்க்கவில்லை என்று அக்காவிடம் சொன்ன முதல் பொய்யைவிட இதற்குத்தான் அதிகம் பயப்படுகிறேன்.

குன்றத்தூருக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனேன். வீட்டில் முருகன் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு, மலை ஏறாமல் கீழே தெருத் தெருவாக ஸ்கூட்டியை ஓட்டினேன். கொண்டையில் ஸ்க்ரூடிரைவர் செருகிய யாரையும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நிறுத்தியிருப்பேனா என்பதும் நிச்சயமில்லை.

ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. யாழினி இப்போது வேறு விளையாட்டுகளுக்குப் போய்விட்டாள். சனிக்கிழமைகளில் இருவரும் சேர்ந்து ஆடுகிறோம், இன்னும் பாறையில்தான் மோதுகிறேன். வடக்குத் தீவு மட்டும் கன்சோல் பட்டியலில் அப்படியே இருக்கிறது. காசு கட்டியது, இறக்காதது. போன வாரம், "அதைத்தான் ஆடுவோமே" என்றேன்.

"அக்கா போட்டோ பாக்கலையேம்மா" என்றாள். கோபமெல்லாம் இல்லை. நாளைக்கு ஸ்கூல் லீவு என்று சொல்வதைப் போலச் சொன்னாள்.

அவள் சமையலறைக்குத் தண்ணீர் குடிக்கப் போனதும் போனை எடுத்தேன். குரூப்பில் தட்டினேன், இந்த முறை அழிக்கவில்லை. போன வருடம் அந்தக் கேம் கடையைப் பற்றி இந்தக் குரூப்பில் எழுதியது நான்தான். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. என் மகள் தினமும் மூன்று மணி நேரம் தனியாக இருந்தாள், அதைக் கவனித்தது அவர் மட்டும்தான். கோபத்தில் எழுதிவிட்டேன், பயத்தில் திருத்தாமல் இருந்துவிட்டேன். அவர் எங்கே இருக்கிறார் என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். வருகிற எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லத் தயாராகத்தான் இருந்தேன். யாழினியிடம் எப்படித் தொடங்குவது என்றுகூட மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன்.

தண்ணீர் லாரி எப்போது வரும் என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் அதற்குப் பதில் போட்டார். அதற்கும் கீழே, புதிதாகக் குடிவந்த யாரோ ஒருவர், பெயர்கூட எனக்குத் தெரியாது, எனக்கு எழுதியிருந்தார்:

'எந்தக் கடை?'